முதல் கியரில் நிறுத்திய வண்டி

காந்தல்
9.12.2024

தம்பி சுரேந்திரனுக்கு,

அக்கா சுமலதா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. என் நம்பரையும் மச்சான் நம்பரையும் நீ தடுத்து வைத்திருக்கிறாய். எங்கள் ஃபேக்டரி வாட்ச்மேன் ஜாபேஸ் அண்ணன் போன வாரம் மேட்டுப்பாளையம் வந்தபோது உன்னை ஒரு பட்டறையில் பார்த்தாராம். பெயர்ப்பலகையில் இருந்த முகவரியை எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். நீ இளைத்துவிட்டாய் என்றும் சொன்னார்.

மச்சானுக்குக் காலில் கம்பி வைத்து ஆறு மாதம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காலை நீட்டி மடக்கிப் பழக வேண்டும். விட்டுவிட்டால் முட்டி அப்படியே இறுகிவிடும் என்கிறார்கள். நம் சந்துக்குள் ஆட்டோ ஏறாது, உனக்குத் தெரியும். அதனால் புல்லட்டை நான்தான் ஓட்டுகிறேன். சிரிக்காதே. இரண்டு ஞாயிற்றுக்கிழமை காந்தல் மைதானத்தில் நீ கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்ததுதான் இப்போது கை கொடுக்கிறது. அவர் பின்னால் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்.

இப்போது கிளட்ச் மக்கர் செய்கிறது. காலையில் கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்டால் வண்டி முன்னால் பாய்ந்து நின்றுவிடுகிறது. போன வியாழக்கிழமை அவர் ஏறி உட்கார்ந்த பிறகு அப்படிப் பாய்ந்தது. இரண்டு பேரும் சாக்கடையில் விழுந்திருப்போம். மெக்கானிக்கிடம் கேட்டால், உள்ளே இருக்கிற பிளேட் எல்லாம் மாற்ற வேண்டும், பத்து நாள் விட்டுவிட்டுப் போ என்கிறான். பத்து நாள் பயிற்சி இல்லாமல் போனால் இதுவரை பட்ட பாடெல்லாம் வீண். இந்த வண்டியின் குணம் உனக்குத்தான் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

நடந்தது நடந்துவிட்டது. நீ என்ன வேண்டுமென்றா செய்தாய்? நான் அதையெல்லாம் மறந்துவிட்டேன்.

அக்கா


மேட்டுப்பாளையம்
14.12.2024

அக்காவுக்கு,

மறந்துவிட்டாயா? ரொம்பப் பெரிய மனசு.

நீ மறந்ததை நான் ஒருமுறை எழுதிவிடுகிறேன். ஜூன் பதினைந்து, சனிக்கிழமை சாயங்காலம். வண்டியைச் சந்தில் கீழ்முகமாக, முதல் கியரில் போட்டு, பக்கவாட்டு ஸ்டாண்டில்தான் நிறுத்தினேன். தூறல் போடுகிறதே என்று மச்சான் அதன்மேல் தார்ப்பாய் போர்த்தப் போனார். வண்டி நகர்ந்து அவரையும் இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையோரம் காலின் மேல் விழுந்தது. பக்கத்து வீட்டு டக்ளஸ் அண்ணன் ஓடி வந்து தூக்கும்போது பின்சக்கரம் சும்மா சுற்றியது. 'கியர்லயே இல்லீங்க, சக்கரம் ஃப்ரீயா சுத்துதுங்க' என்றார். அதோடு முடிந்தது என் கதை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால், 'எத்தன தடவ சொல்லியிருக்கேன், கியர் போட்டு நிறுத்துன்னு!' என்று கத்தினாய். நீ ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

இந்தக் கடிதம் வண்டிக்காக. உனக்காகவும் இல்லை, அவருக்காகவும் இல்லை.

முதலில் லீவரைப் பார். பிடிக்கும்போது ஆரம்பத்தில் கொஞ்சம் வெறுமனே வர வேண்டும். அந்த இடைவெளியில் இரண்டு ஐந்து ரூபாய் நாணயம் நுழைந்தால் சரி. அதற்கு மேல் என்றால் கேபிள் தளர்ந்திருக்கிறது, நட்டைத் திருகி இறுக்கு. அடுத்து இடது பக்க மூடிக்குள் இருக்கும் ஆயில். எவனாவது கெட்டி ஆயிலை ஊற்றியிருந்தால் ஊட்டிக் குளிருக்கு அது கூழாகி, கிளட்ச் பிளேட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். மாற்றிவிட்டு லேசான ஆயில் ஊற்று. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டே கிக்கரை உதை. கனமாக இறங்கினால் பிளேட் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். உதைத்துக்கொண்டே இரு. பிரிந்ததும் காலுக்கு லேசாகத் தெரியும்.

இவ்வளவு செய்தும் ஒட்டினால், சாயங்காலம் நிறுத்தும்போது கிளட்ச் லீவரை இழுத்துக் கைப்பிடியோடு சேர்த்துப் பழைய டியூப் துண்டால் கட்டிவிடு. விடியும்வரை பிளேட்டுகள் விலகியே இருக்கும், ஒட்டாது. இங்கே பட்டறைக்கு வந்த ஒரு கோத்தகிரிக்காரர் சொன்னது.

பத்து நாள் கேட்கிறவனிடம் வண்டியை விடாதே.

சுரேந்திரன்


காந்தல்
23.12.2024

தம்பிக்கு,

நீ திட்டினாலும் பரவாயில்லை, எழுதினாயே. அதுவே போதும்.

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். கேபிள் தளர்ந்துதான் இருந்தது. மூடியைத் திறந்தால் ஆயில் அல்வா மாதிரி இருந்தது. ஜூலையில் ரிப்பேருக்கு விட்டபோது ஊற்றியிருக்கிறார்கள். டக்ளஸ் அண்ணன் உதவி செய்தார். அவர் உன்னைப் பற்றி விசாரித்தார். நான்தான் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. காலையில்தான் ஒட்டுகிறது. மூன்று நாளாக உறைபனி. குழாயில் தண்ணீர் வர எட்டு மணி ஆகிறது. நான் கிளட்சைப் பிடித்துக்கொண்டு உதைக்கிறேன், உதைக்கிறேன், என் முட்டியும் மச்சான் முட்டி மாதிரி ஆகிவிடும் போலிருக்கிறது.

அந்தக் கட்டுகிற வேலை மட்டும் வேண்டாம். கட்டினால் கியரில் போட்டிருந்தாலும் வண்டி நிற்காதே, உருண்டுவிடுமே. வேறு வழி இருந்தால் சொல்.

கிறிஸ்துமஸுக்கு ஜூடித் அக்கா கேக் கொடுத்தனுப்பினாள். உன் பங்கை என்ன செய்வது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மச்சானிடம் உன் பெயரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதனால் நான் எடுப்பதில்லை.

அக்கா


மேட்டுப்பாளையம்
30.12.2024

அக்கா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டேன்.

'கட்டினால் கியரில் போட்டிருந்தாலும் வண்டி நிற்காதே, உருண்டுவிடுமே.' இதை நான் உனக்கு எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவே இல்லை, அது என் தப்பு. கோத்தகிரிக்காரரும் சொல்லவில்லை. பட்டறையில் இரண்டு பேரிடம் கேட்டேன், ஒருவன் யோசித்துச் சொன்னான், இன்னொருவனுக்குத் தெரியவில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது?

நேற்று ஞாயிறு, பட்டறை விடுமுறை. சர்வீஸுக்கு வந்திருந்த ஒரு புல்லட்டைச் சரிவில் நிறுத்தி முதல் கியர் போட்டேன். பலங்கொண்ட மட்டும் தள்ளியும் அசையவில்லை. லீவரைக் கட்டிவிட்டுத் தள்ளினேன். ஒற்றைக் கையில் போனது. கியரில் இருக்கும்போதே பின்சக்கரம் சும்மா சுற்றியது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு மாதமாக எனக்குப் பிடிபடாமல் இருந்த விஷயம் இது. டக்ளஸ் அண்ணன் பொய் சொல்கிற ஆள் இல்லை. நானும் சொல்லவில்லை. வண்டி கியரிலும் இருந்தது, சக்கரமும் சுற்றியது. அன்றைக்கு லீவரை யாரோ கட்டியிருந்தால் இரண்டும் சரி.

நான் இங்கே எப்படி இருக்கிறேன் தெரியுமா? ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திவிட்டு மூன்று தடவை திரும்பி வந்து ஆட்டிப் பார்க்கிறேன். முதலாளி, 'ஏம்ப்பா, உனக்கு உன்ற கை மேலயே நம்பிக்கை இல்லியா?' என்று கேட்கிறார். இல்லை. போட்டேனா, போடவில்லையா என்று யோசித்து யோசித்து, போட்டிருக்க மாட்டேன் என்று நானே நம்பிவிட்டேன்.

யார் கட்டியது? உனக்குத் தெரியும். எழுது.

சுரேந்திரன்


காந்தல்
4.1.2025

சுரேந்திரா,

மாதக்கணக்கில் வண்டி ஓட்டுகிறவளுக்கு, கிளட்ச் பிடித்தால் வண்டி நகரும் என்று தெரியாதா? இது ஒரு பெரிய கண்டுபிடிப்பா? கூடப் பிறந்தவளைப் போலீஸ்காரன் மாதிரி விசாரிக்கிறாய். அம்மா போனபிறகு உனக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லையென்றால் தூங்கு. இனிமேல் வண்டியைப் பற்றி உன்னிடம் கேட்க மாட்டேன்.

சுமலதா


காந்தல்
19.1.2025

தம்பி,

பதினைந்து நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. திட்டியாவது எழுதுவாய் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொங்கலும் போய்விட்டது. நான் கடைசியாக எழுதியது பொய்.

கட்டியது நான்தான்.

ஜூன் மாதம் அந்த வாரம் முழுக்க மழை. இதே மாதிரி வண்டி தினமும் காலையில் ஒட்டியது. நீ உதைத்து உதைத்து, வேர்த்து விறுவிறுத்து, லேட்டாக ஃபேக்டரிக்குப் போய் மேஸ்திரியிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வருவாய். ஜாபேஸ் அண்ணனிடம் சொன்னபோது, 'ராத்திரிக்கு லீவர டியூப்ல கட்டி வெச்சுருங்க, ஒட்டாதுங்க' என்றார். சனிக்கிழமை நீ வண்டியை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனாய். நான் சைக்கிள் டியூப் துண்டை எடுத்துப் போய்க் கட்டினேன். உன்னிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை ஒரே உதையில் வண்டி கிளம்பும், நீ திகைத்துப் போய் நிற்பாய், அப்போது சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தேன். அவ்வளவுதான் தம்பி. அரைமணி நேரத்தில் மச்சான் அலறினார்.

இதுவரை நான் செய்தது தெரியாமல் செய்தது. இதற்கப்புறம் செய்தது அப்படி இல்லை. அதை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது.

எல்லோரும் அவரைத் தூக்கி டக்ளஸ் அண்ணன் வாசலில் படுக்க வைத்தார்கள். நீ ஆட்டோ பிடிக்க ஓடினாய். வண்டியைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். கறுப்புக் கைப்பிடியில் கறுப்பு டியூப், யார் கண்ணிலும் படவில்லை. நான் போய் அவிழ்த்தேன். ஏன் அவிழ்த்தேன் என்று அப்போது தெரியாது. வண்டியை வழியைவிட்டுத் தள்ளி வைக்கலாம் என்று பார்த்தால் அசையவில்லை. அப்போதுதான் புரிந்தது. நீ கியரில்தான் போட்டிருக்கிறாய். நான்தான் கட்டி அதைக் கெடுத்திருக்கிறேன். குனிந்து கியர் லீவரைக் கையால் அமுக்கினேன். டக்கென்று நியூட்ரலில் விழுந்தது. வண்டி நகர்ந்தது. டியூப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அவர் கால் எலும்பு வெளியே தெரிந்தது. இதைச் செய்தது நான் என்று சொன்னால் அவர் வீட்டார் என்னை உயிரோடு விடுவார்களா என்று பயந்தேன். உன்னைச் சொன்னால் ஒரு வாரம் திட்டுவார்கள், தம்பிதானே, தாங்கிக்கொள்வான் என்று கணக்குப் போட்டேன். நீ வீட்டை விட்டே போவாய் என்று நினைக்கவில்லை. இத்தலாரில் கீர்த்தனா வீட்டார் பேசி முடித்த சம்பந்தத்தை முறிப்பார்கள் என்றும் நினைக்கவில்லை. முறித்த அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உன்னைப் பார்த்துச் சொல்ல எனக்கு முகம் இல்லை.

அக்கா


மேட்டுப்பாளையம்
24.1.2025

சுமலதாவுக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

நீ கட்டியதில் எனக்குக் கோபமே இல்லை. எனக்கு நல்லது செய்யத்தான் கட்டினாய். அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் மச்சான் வீட்டார் முன்னால் உனக்காக நான் நின்றிருப்பேன். நான்தான் கட்டச் சொன்னேன் என்று பொய்கூடச் சொல்லியிருப்பேன். நீ என்னைக் கேட்டிருந்தால் போதும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லோரும் போனபிறகு, உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 'கியர்லதான்க்கா போட்டேன்' என்று அழுதேன். உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். ஊரே நம்பாவிட்டாலும் நீ நம்பினால் போதும் என்று இருந்தது. நீ என் முகத்தைப் பார்த்து, 'சும்மா இருடா, பொய் பேசாத' என்றாய். அப்போது டியூப் உன் இடுப்பில் இருந்திருக்கிறது.

கீர்த்தனாவின் அப்பா, 'ஒரு வண்டிய நிறுத்தத் தெரியாதவன் பொண்ண எப்படிங்க வெச்சுக் காப்பாத்துவான்?' என்று கேட்டது எனக்குப் பெரிதில்லை. அவள் கடைசியாகப் போன் செய்து, 'எங்கப்பா கிட்ட நான் பேசிக்கறேன், நீங்க நெஜமாவே கியர்லதானே போட்டீங்க?' என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'தெரியல' என்றேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நின்றிருப்பாள். நீ அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் எனக்கே தெரியாமல் போய்விட்டது. கார்த்திகையில் மஞ்சூரில் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இனி யார் என்ன சொன்னாலும் அது மாறாது.

டக்ளஸ் அண்ணனிடம் சொல். உன் புருஷனிடம் சொல். அழாமல், முக்காடு போட்டுக்கொள்ளாமல், கட்டியதையும் அமுக்கியதையும் சேர்த்துச் சொல். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுது. இதைச் செய்யாமல் எனக்கு வேறு எதுவும் எழுத வேண்டாம்.

சுரேந்திரன்


காந்தல்
3.2.2025

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன்.

டக்ளஸ் அண்ணனிடம் முதலில் சொன்னேன். அவர் நம்பவில்லை. நம் வண்டியைச் சந்தில் நிறுத்தி, கியர் போட்டு, லீவரைக் கட்டி, தானே தள்ளிப் பார்த்தார். வண்டி இறங்கியதும் பிடித்து நிறுத்தி, கட்டை அவரே அவிழ்த்தார். 'அந்தப் பையனப் போயி என்ற வாயாலயே சொல்லீட்டனே' என்றார். எதிர்வீட்டு அன்னக்கிளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். இந்நேரம் காந்தல் முழுக்கத் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

பிறகு வீட்டுக்குள் போனேன். மச்சான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நீ சொன்ன மாதிரி அழாமல் சொன்னேன். அவர் உரிப்பதை நிறுத்தவே இல்லை. 'தெரியும்' என்றார்.

என்ன தெரியும் என்று கேட்டேன்.

'டக்ளஸ் வாசல்ல படுத்திருந்தப்பவே பாத்தேன். நீ டியூப அவுத்தது, குனிஞ்சு கியர அமுக்குனது, எல்லாத்தையுந்தான்.'

'அப்பறம் ஏனுங்க என்ற தம்பிய அந்தப் பேச்சுப் பேசுனீங்க?'

'உன்ற மேல கோவப்பட்டா என்னைய ஆரு பாத்துக்கறது? உன்ற தம்பி இருந்தா என்ன, போனா என்ன?' என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தார்.

ஏழரை மாதம் தம்பி. அவருக்குத் தெரிந்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டே குளிப்பாட்டினேன், தூக்கி உட்கார வைத்தேன், முதுகில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனேன். அவர் என் எதிரிலேயே உன்னைத் திட்டுவார், திட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். வலியில் பார்க்கிறார் என்று நினைத்தேன். நான் வாயைத் திறக்கிறேனா என்று பார்த்திருக்கிறார். திறக்காதவரைக்கும் நான் அவருக்கு ஓடி ஓடி உழைப்பேன் என்று தெரிந்து வைத்திருக்கிறார்.

தெரிந்துகொண்டே ஏமாற்றினால் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரிகிறது. இதை உன்னிடமே எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுத உன்னைத் தவிர யாரும் இல்லை. இன்று திங்கட்கிழமை, பயிற்சி நாள். கூட்டிப் போனேன்.

வருகிற ஞாயிறு இல்லாவிட்டால் அதற்கடுத்த ஞாயிறு காலை பஸ்ஸில் இறங்கி வரட்டுமா? பட்டறை வாசலில் பத்து நிமிடம் நின்று உன்னைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். வேறொன்றும் கேட்க மாட்டேன்.

அக்கா


மேட்டுப்பாளையம்
9.2.2025

அக்காவுக்கு,

டக்ளஸ் அண்ணன் போன் செய்தார். மன்னிப்புக் கேட்டார், எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது. நீங்கள் பார்த்ததைச் சொன்னீர்கள், அதில் என்ன தப்பு என்றேன்.

மச்சானை நினைத்து நான் ஒரு ராத்திரிகூடத் தூக்கம் கெடவில்லை, ஆச்சரியமாக இருக்கிறது. அவர் என்னை வேண்டாம் என்று நினைத்தார், போகவிட்டார். அவர் என்னைத் தூக்கி வளர்த்தவர் இல்லை. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதா, விடுவதா என்பதை நீயே முடிவு செய். எனக்காக எதையும் செய்யாதே.

உறைபனி இந்த மாதத்தோடு நின்றுவிடும். அதுவரை லீவரைக் கட்டுவதென்றால் கட்டு. இரண்டு சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டுக் கட்டு. வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்து. வீட்டில் எல்லோரிடமும் கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடு.

ஞாயிற்றுக்கிழமை வராதே.

கோபத்தில் எழுதவில்லை. நீ வந்தால் அழுவாய். நீ அழுதால் எனக்குத் தாங்காது, சின்ன வயதிலிருந்தே தாங்காது. 'பரவால்லக்கா, விடு' என்று சொல்லிவிடுவேன். அதைக் கேட்டுக்கொண்டு நீ நிம்மதியாக மேலே பஸ் ஏறிப் போய்விடுவாய். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு, ஏன் சொன்னோம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு இன்னும் பரவாயில்லை என்று ஆகவில்லை. ஆகும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அப்படி ஆகிவிட்டால், நானே பஸ் ஏறி வந்து வாசலில் நின்று சொல்வேன். அதுவரைக்கும் நீ வராதே, அக்கா.

சுரேந்திரன்